வட்ஸ்அப்பை விட்டால் எங்கே போவது? 38 பேருக்கு ஒரு பதில்

எங்கள் வாசகர் வட்டத்தில் 38 பேர். மாதத்தில் ஒருநாள், பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மேல்தள மண்டபத்தில் கூடுவோம். மற்ற நாளெல்லாம் வட்ஸ்அப் குறூப்பில்தான் கதை. புத்தகத்தைப் பற்றித் தொடங்கும் பேச்சு அரை மணித்தியாலத்தில் மின்சாரக் கட்டணம், மாகாண சபைத் தேர்தல், யாரோ வீட்டுக் கல்யாணம் என்று எங்கெங்கோ போய்விடும். அந்தக் குறூப்பை யாரும் இலேசில் விட்டுப் போகாததற்குக் காரணமே அதுதான்.

சித்திரை வருஷம் கழிந்து சில நாட்களில் எங்கள் அக்கா ஒருவர் அதில் நாலு வரி எழுதினார். தான் வேலை செய்யும் இடத்துக்குத் தமிழில் வரும் கடிதங்களுக்குத் தமிழில் பதில் போவதில்லை என்பதுதான் விஷயம். தமிழ் 1987 முதல் அரச கரும மொழி என்பதையும் கடைசியில் சேர்த்திருந்தார். கோபத்தில் எழுதியது, ஆனால் பொய்யில்லை. மூன்றாம் நாள் அந்த நாலு வரியின் ஸ்கிரீன்ஷொட் அவருடைய மேலதிகாரியின் போனில் இருந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அதற்குப் பிறகு அக்கா குறூப்பில் பிறந்தநாள் வாழ்த்து தவிர வேறு எதுவும் எழுதுவதில்லை.

அடுத்த கூட்டத்தில் ரீச்சர் என்னைப் பார்த்து, "தம்பி, நீர்தானே கொம்பியூட்டர் படிச்சனீர், வேற எதுக்காவது மாறலாமோ எண்டு பார்த்துச் சொல்லும்" என்றார். நான் படித்தது கணக்கியல். கணக்கு மென்பொருள் விற்கும் இடத்தில் வேலை, அவ்வளவுதான். 38 பேரில் அதுவே பெரிய தகுதியாகிவிட்டது. சரி, பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நடந்ததை எந்தச் செயலியும் தடுத்திருக்காது. ஒன்றிரண்டில் ஸ்கிரீன்ஷொட்டுக்குத் தடை போடலாம் என்றாலும், பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் எடுக்க ஐந்து செக்கன் போதும். காட்டிக்கொடுத்தது வட்ஸ்அப் இல்லை, எங்களில் ஒருவர். அது யார் என்று தேட வேண்டாம் என்று முடிவெடுத்தோம். தேடியிருந்தால் குறூப்பே இருந்திருக்காது.

அப்படியென்றால் எதற்கு இந்த ஒப்பீடு? அன்றைய கூட்டத்தில் மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டார்: "மெசேஜை ஆர் வாசிக்கினம் எண்டது இருக்கட்டும். எங்கட பேர் லிஸ்ட் ஆரிட்ட இருக்கும்?"

மாஸ்டர் ஏன் அதைக் கேட்டார் என்று அந்த மண்டபத்தில் ஐம்பது வயது தாண்டிய யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எதற்காக வந்தார்கள் என்று படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகிய தலைமுறை அது. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த மக்கள் யாரும் எதையும் பேசியதற்காகவோ எழுதியதற்காகவோ ஏற்றப்படவில்லை. ஓரிடத்தில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். ஆகவே நான் செயலிகளைப் பார்த்தபோது 'மறைகுறியாக்கம் எத்தனை பிட்', அதாவது மெசேஜைப் பூட்டும் பூட்டு எவ்வளவு பலம், என்பதைவிட மாஸ்டரின் கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் இருக்கிற இடத்தையே பார்ப்போம். வட்ஸ்அப்பில் மெசேஜின் உள்ளடக்கம் 2016 ஏப்ரலில் இருந்து இரு முனைகளிலும் பூட்டப்பட்டே போகிறது. அனுப்புகிற போனும் பெறுகிற போனும் தவிர நடுவில் உள்ள கம்பனிக்கும் வாசிக்க முடியாது. அந்தப் பூட்டு சிக்னல் செயலிக்காரர்கள் செய்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆக, எழுத்தைப் பொறுத்தவரை வட்ஸ்அப் மோசமில்லை. ஆனால் யார் எந்தக் குறூப்பில் இருக்கிறார், யாருடன் எப்போது தொடர்பு, எந்த நம்பர் என்ற விவரங்கள் அந்தப் பூட்டுக்கு வெளியே நிற்பவை. கடிதத்தை உறையில் ஒட்டிவிட்டாலும் விலாசம் வெளியில்தானே இருக்கும். வட்ஸ்அப்பை 2014இல் வாங்கியது பேஸ்புக். 2021 ஜனவரியில் புதிய தனியுரிமைக் கொள்கை என்று ஓர் அறிவிப்பு வந்து, உலகம் முழுக்கப் பலர் பயந்து சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் ஓடினார்கள். எங்கள் குறூப்பிலும் ஆறு பேர் ஓடினார்கள். அங்கே கதைக்க ஆளில்லாமல் இரண்டு கிழமையில் திரும்பி வந்தார்கள்.

வட்ஸ்அப்பில் பெக்கப் என்று ஒன்று இருக்கிறது. போன் மாற்றும்போது பழைய மெசேஜ்கள் வரவேண்டும் என்று எல்லோரும் கூகுள் டிரைவிலோ ஐகிளவுட்டிலோ போட்டு வைத்திருக்கிறோம். அந்தப் பெக்கப்பைத் தனியாகப் பூட்டும் வசதி 2021இல்தான் வந்தது, அதையும் நாமே போய்ப் போட வேண்டும். எங்கள் 38 பேரிடமும் கேட்டேன். போட்டிருந்தவர் ஒருவர். அவரும் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் குசினிக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது நம்பர் விஷயம். குறூப்பில் சேர்ந்த நிமிடத்திலேயே உங்கள் நம்பர் மற்ற 37 பேருக்கும் தெரியும். இலங்கையில் சிம் எடுப்பதென்றால் அடையாள அட்டை கொடுக்க வேண்டும், ஆகவே நம்பர் என்றால் பெயர், பெயர் என்றால் விலாசம். இது அரசாங்கம் பற்றிய பயம் மட்டும் இல்லை. எங்கள் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தங்கச்சிமாருக்கு, சேர்ந்த கிழமையே இரவு பத்து மணிக்குமேல் "ஹாய், சாப்பிட்டாச்சா" என்று முன்பின் தெரியாத நம்பரில் இருந்து மெசேஜ். ஒருவர் குறூப்பை விட்டே போய்விட்டார், காரணம் சொல்லவில்லை. காரணத்தை ரீச்சர்தான் பிறகு எனக்குச் சொன்னார். தனியுரிமை என்றால் உடனே உளவுத்துறையை நினைக்கிற எங்களுக்கு இது உறைக்கவே இல்லை.

வைபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற சொந்தங்களோடு கதைக்க நம்மவர்கள் முதலில் பழகியது வைபர்தான், இன்றும் பல மாமிமார் அதை விடவில்லை. 2014இல் ஜப்பானின் ரகுடென் அதை வாங்கியது. தனி அரட்டையும் சாதாரணக் குறூப்பும் 2016இல் இருந்து பூட்டப்பட்டவை, 'கொம்யூனிட்டி' என்ற பெரிய குழுக்கள் அப்படியில்லை. வட்ஸ்அப்பில் இருந்து அங்கே போவது ஒரு வாடகை வீட்டில் இருந்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போவது போலத்தான், அதிலும் சுவரெல்லாம் விளம்பரம்.

டெலிகிராம்தான் இளசுகளின் முன்மொழிவு. "அண்ணா, அதுதான் சேஃப், எல்லாரும் சொல்லுறாங்கள்." அப்படி எல்லாரும் சொல்வதற்குக் காரணம் அதன் பேச்சுத்தான், பூட்டு இல்லை. டெலிகிராமில் சாதாரண அரட்டையும் குறூப்பும் இரு முனைப் பூட்டு இல்லாதவை. மெசேஜ்கள் கம்பனியின் சேவையகங்களில் இருக்கின்றன, திறப்பும் கம்பனியிடமே இருக்கிறது. 'இரகசிய அரட்டை' என்று ஒன்று உண்டு, அது இருவருக்கு இடையில் மட்டும், அதையும் நாமே தொடங்க வேண்டும். குறூப்புக்குக் கிடையாது. அப்படியென்றால் எங்கள் 38 பேருக்கு டெலிகிராம் தரும் பாதுகாப்பு, பூட்டைப் பொறுத்தவரை, இப்போது வட்ஸ்அப்பில் இருப்பதைவிடக் குறைவு. இதைச் சொன்னபோது அந்தத் தம்பி நம்பவில்லை. செட்டிங்ஸைத் திறந்து காட்டவேண்டியிருந்தது.

கம்பனி யாரிடமும் எதையும் கொடுக்காது என்ற நம்பிக்கையும் பழையது. 2024 ஓகஸ்ட் 24 அன்று அதன் நிறுவுனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானார். அடுத்த மாதம், சட்டப்படி கோரிக்கை வந்தால் விதிகளை மீறுவோரின் ஐ.பி. முகவரியையும் (எந்த இணைப்பில் இருந்து வந்தார் என்று காட்டும் எண்) போன் நம்பரையும் அதிகாரிகளுக்குக் கொடுப்போம் என்று கொள்கையை மாற்றினார்கள். குற்றவாளிகளைப் பிடிக்க அது தேவையாக இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. மாஸ்டரின் கேள்விக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான்: லிஸ்ட் அங்கே இருக்கிறது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம், புதிதாக வருபவர் பழைய பேச்சை வாசிக்கலாம், குறூப்பில் 2,00,000 பேர் வரை சேரலாம். அறிவித்தல் பலகையாக அதற்கு நிகரில்லை. எங்களுக்குத் தேவை பலகை இல்லை, திண்ணை.

சிக்னலைப் பற்றி எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதை நடத்துவது 2018இல் தொடங்கிய, இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை. அதற்கு 5 கோடி டொலர் கொடுத்துத் தொடக்கிவைத்தவர்களில் ஒருவர் பிரையன் அக்டன். வட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர், அதை விற்றபின் அங்கிருந்து வெளியேறியவர். விளம்பரம் இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. ஆனால் என்னை இழுத்தது 2016இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம். ஒரு விசாரணைக்காக, பயனர் விவரங்களைத் தரும்படி சிக்னலுக்கு நீதிமன்ற வழியாக அழைப்பாணை போனது. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரமும், கடைசியாகச் சேவையகத்துடன் இணைந்த நாளும். யாருடன் கதைத்தார், எந்தக் குறூப்பில் இருந்தார் என்பதை அவர்கள் சேர்த்து வைக்கவே இல்லை. இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது. மாஸ்டரின் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் வேறெங்கும் காணவில்லை.

2024இல் இருந்து அங்கே நம்பரையும் மறைத்துவிட்டார்கள். சேரும்போது நம்பர் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் குறூப்பில் உள்ள மற்றவர்களுக்கு, உங்கள் நம்பரை ஏற்கனவே போனில் வைத்திருந்தால் ஒழிய, நீங்கள் வைத்த பெயர் மட்டுமே தெரியும். இரவு பத்து மணி "ஹாய்"க்கு இதுதான் மருந்து.

குறைகள்? முதலாவது, அங்கே யாருமில்லை. டொரொண்டோ மாமிக்கு இன்னொரு செயலியை, அதுவும் கனடா நேரத்தில், போனில் விளக்கிப் போட வைப்பது எளிய வேலையில்லை. இரண்டாவது, போன் தொலைந்தால் முன்கூட்டியே பெக்கப் போட்டு வைக்காதவருக்குப் பழைய பேச்சு திரும்பி வராது. மூன்றாவதுதான் கொழும்பில் உண்மையான கேள்வி, கூட்டத்தில் அதைக் கேட்டது ஒரு பல்கலைக்கழகத் தம்பி: "மெசேஜ் தானா அழியிற ஒரு செயலி என்ர போனில இருக்கிறதைக் கண்டாலே, ஏன் வச்சிருக்கிறாய் எண்டு கேக்க மாட்டாங்களா?"

கேட்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது. அதன் கீழ் வளர்ந்த பிள்ளைகளிடம் 'மறைக்க எதுவும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதேநேரம், இந்த நாட்டில் எழுத்துக்காக உள்ளே போனவர்களைப் பாருங்கள். கவிஞர் அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் கைதானது அச்சில் வந்த தமிழ்க் கவிதைகளுக்காக. ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார், 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை வழக்கில் இருந்து விடுவித்தது. எழுத்தாளர் சக்திக சத்குமார பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி, நாலு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ரம்ஸி ராசிக் 2020 ஏப்ரலில் கைதானதும் ஒரு பேஸ்புக் பதிவுக்காகத்தான். பிறகு உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. இவர்களில் யாருடைய எழுத்தையும் எடுக்கப் பூட்டு உடைக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஊரறிய எழுதியது. இதனால் நான் விளங்கிக்கொண்டது, எங்களைப் போன்றவர்களுக்கு வரும் ஆபத்தில் பெரும்பங்கு கம்பியில் போகும்போது வாசிப்பதால் வருவதில்லை. யாரோ ஒருவர் எடுத்துக் கொடுப்பதாலோ, போனைக் கையில் வாங்கிப் பார்ப்பதாலோதான் வருகிறது. பூட்டின் தரத்தைவிட, போனில் எவ்வளவு காலம் எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் முக்கியம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்டால், அரைகுறையாகத்தான். பேச்சுச் சுதந்திரம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தனியுரிமை அங்கே ஓர் அடிப்படை உரிமையாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. 2022இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம், ஆனால் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக மட்டும் வைத்திருக்கும் தரவுக்கு அது பொருந்தாது. மறுபக்கம் 2024 ஜனவரி 24 அன்று நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. 'பொய்யான கூற்று' எது என்று சொல்லும் அதிகாரத்தை ஓர் ஐவர் ஆணைக்குழுவின் கையில் கொடுக்கும் சட்டம் அது. அக்காவின் நாலு வரி உண்மை. இருந்தாலும் அதை நிரூபிக்கும் வேலை அக்காவின் தலையில்தான் விழும்.

சிக்னலின் பக்கத்தில் நின்று பேசும்போது ஒரு கதையை மறைக்கக் கூடாது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் யேமன் மீதான தாக்குதலைப் பற்றி சிக்னல் குறூப்பில் கதைத்தபோது, ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் உள்ளதில் நல்ல பூட்டு, உள்ளே விட்டது யாரை என்று பார்க்கவில்லை. எங்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான், எங்கள் ஆள் பத்திரிகைக்காரர் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அப்புறம் இன்னொரு தெரிவையும் ரீச்சர் விடாமல் நினைவுபடுத்தினார்: பழைய முறை. போன் அடிப்பது. நாங்கள் சிரித்தோம், ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒரு கிழமையளவு முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த சில மணித்தியாலங்களில் மறுபடியும் முடக்கினார்கள், ஏப்ரல் 30 வரை. கொச்சிக்கடை தேவாலயத்துக்குப் போனவர்களைத் தேடி கொட்டாஞ்சேனையில் அலைந்த வீடுகளுக்கு அன்று கைகொடுத்தது சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும்தான். 2022 ஏப்ரல் 3, ஆர்ப்பாட்டத்துக்கு நாள் குறித்த ஞாயிற்றுக்கிழமை, ஊரடங்கோடு சேர்த்து சமூக ஊடகமும் ஏறக்குறைய பதினைந்து மணித்தியாலம் போனது. அன்று, முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு போக உதவும் வீ.பி.என். என்ற சொல்லை என் அம்மா கூடப் படித்துக்கொண்டார். எஸ்.எம்.எஸ் பூட்டில்லாதது, யார் யாருக்கு அனுப்பினார் என்பது தொலைபேசிக் கம்பனியிடம் இருக்கும். தனியுரிமைக்கு அது கடைசித் தெரிவு. ஆனால் ஒரு நாள் அது மட்டுமே மிஞ்சலாம்.

ஆகவே என் முடிவு, ரீச்சர் கேட்டபடி ஒரே இடமாக இல்லை. வட்ஸ்அப் குறூப் இருக்கட்டும், ஆனால் அதில் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றுவோம்: கூட்டம் எத்தனை மணிக்கு, எந்தப் புத்தகம், யார் வடை கொண்டுவருவது. மாமிமார் அங்கேயே இருக்கலாம். கதை பேச விரும்புகிறவர்களுக்கு மட்டும் சிக்னலில் ஒரு சிறிய குறூப், நம்பரை மறைத்து, மெசேஜ் நாலு கிழமையில் தானாக அழியும்படி. ஒரு நாள், ஒரு கிழமை என்று குறைத்து வைத்தால் ஏதோ சதி போல இருக்கும். நாலு கிழமை என்றால் அடுத்த போயாவோடு பேச்சு முடிந்தது என்று யாருக்கும் விளங்கப்படுத்தலாம். அதில் ஒருவர் எழுதியதை வெளியே கொண்டுபோவதென்றால் அவரிடம் கேட்க வேண்டும். அதோடு ஏழு பேர் ஆளுக்கு நாலைந்து பேருக்கு அழைப்பது என்ற ஏற்பாடு, எல்லாம் முடங்கும் நாளுக்கு. டெலிகிராம் வேண்டாம். தம்பிமார் கோபிக்க வேண்டாம்.

கையை உயர்த்தச் சொன்னோம். சிக்னலுக்கு வருவதாக 16 பேர். மாஸ்டரின் போனில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். என்ன பெயர் வைப்பது என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்து "சும்மா 'கதிரை' எண்டு போடும்" என்றார், மண்டபத்தில் எப்போதும் தனக்கென்று ஒரு கதிரையைப் பிடித்து வைக்கிறவர். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது குறூப்பில் ஒரு கதிரை, ஒரு குடை, ஒரு மாலு பணிஸ், இரண்டு நிலா.

அக்காவும் சேர்ந்திருக்கிறார். இன்னும் எதுவும் எழுதவில்லை. போன கிழமை மட்டும் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போட்டார்: "தம்பி, இதில இருக்கிற 16 பேரும் ஆர் ஆர் எண்டு ஒருக்கா எனக்கு எழுதி அனுப்புவீரோ?"